பூஜைக்கு அணைக்காத கம்ப்யூட்டர்

கம்பெனியிலிருந்து மறுபடியும் எச்சரிக்கை வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் இன்சூரன்ஸ் பில்களைச் சரிபார்க்கும் வேலை. பாகூர் பக்கத்தில் வீட்டில் உட்கார்ந்தே செய்கிறேன். என் வீட்டு நெட்டிலிருந்து ஏதோ ஒரு கருவி கண்ட கண்ட இடத்துக்குத் தகவல் அனுப்புகிறதாம். இன்னொரு முறை நடந்தால் லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொள்வார்களாம். அப்புறம் நான் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

யார் வேலை இது என்று யோசிக்கவே இல்லை நான். பக்கத்து வீட்டில் என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி, இருக்கிறாளே. நெட் போட்ட புதிதில் பல்லை இளித்துப் பாஸ்வேர்டு வாங்கிப் போனவள். முதல் எச்சரிக்கை வந்ததுமே அதை மாற்றினேன். அப்படியும் நிற்கவில்லை என்றால், எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

பரண்மேல் கிடந்த என் காலேஜ் காலத்துக் கம்ப்யூட்டரை இறக்கினேன். மூடியைக் கழற்றினால் உள்ளே பல்லி முட்டை. வில்லியனூர் கடையில் இன்னொரு நெட்வொர்க் கார்டு வாங்கிச் செருகி, இலவசமாகக் கிடைக்கிற ஃபயர்வாலைப் பென்டிரைவிலிருந்து ஏற்றினேன். வெளியிலிருந்து வரும் வயர் ஒரு துளையில், வைஃபை பெட்டிக்குப் போகும் வயர் இன்னொன்றில். உள்ளே வருவதும் வெளியே போவதும் இதைத் தாண்டித்தான். வயர்களை மாற்றிச் செருகிவிட்டு, நெட்டே வராமல், பாவம் அந்தப் பெட்டியைத் திட்டித் தீர்த்தேன்.

ஒருவழியாக ஓடத் தொடங்கியதும் திரையில் கோடுகள் குதித்தன. டிவி, போன், லேப்டாப், இன்னும் என்னென்னவோ, எல்லாம் வெறும் எண்கள். இதில் அவள் எந்த எண்ணில் ஒளிந்திருக்கிறாள்? முறைத்து முறைத்துக் கண் எரிந்ததுதான் மிச்சம்.

அப்போது ஆயுத பூஜை வந்தது. அரிவாள், மண்வெட்டி முதல் மிக்ஸி வரை அன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஓய்வு. லேப்டாப்பையும் என் போனையும் அணைத்துச் சாமி முன்னால் வைத்தேன். டிவிக்குப் பொட்டு வைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். ஃபயர்வாலை மட்டும் சந்தனம், குங்குமத்தோடு ஓடவிட்டேன். வீடே அடங்கிய பிறகும் எது ஆடுகிறதோ அதுதானே திருடன்.

ஒரு கோடு ஆடியது. ரத்தம் கொதிக்க நேரே பக்கத்து வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தாள்.

“எங்கூட்டு வைஃபை உன் போன்ல ஓடுதா?”

“எனக்கின்னாத்துக்குக்கா அது? என் டேட்டாவே தீர மாட்டேங்குது.”

போனை என் கையிலேயே கொடுத்தாள். வைஃபை அணைந்துதான் இருந்தது. நம்பாமல் திரும்பவும் பார்த்தேன்.

முகம் செத்துத் திரும்பி வரும்போது, என் வீட்டு நிலைக்கு மேலே சிவப்பு விளக்கு கண்ணில் பட்டது. சென்னையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், திருட்டுப் பயம் என்று, வைஃபை பெட்டியிலிருந்து நேரே வயர் இழுத்து மாட்டிவிட்டுப் போன மலிவுக் கேமரா. வயரில் ஓடுவதற்குப் பாஸ்வேர்டு எதற்கு? எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள் அதை மறந்தே போயிருந்தேன். ஸ்டூல் போட்டு ஏறி வயரைப் பிடுங்கினேன். உள்ளே ஓடிப் பார்த்தால் கோடு படுத்துவிட்டது. என் வேலை பிழைத்தது. ஆனால் தினமும் நான் ஈரத்தலை துவட்டுவது அந்தக் கேமராவுக்கு அடியில்தான். அந்தப் படமெல்லாம் எந்த ஊருக்குப் போனதோ.

“அக்கா.” ஓரகத்தி போனை நீட்டிக்கொண்டு வந்தாள். “மாமா பேசறாரு. உங்க போன் ஆஃபா இருக்குதுன்னு எனக்குப் போட்டாரு. கேமரா ஏன் நின்னுபோச்சின்னு கேக்கறாரு.”

ஸ்டூலைக்கூட நான் இன்னும் எடுத்து வைக்கவில்லை. அதற்குள் எப்படித் தெரிந்தது? கம்பெனியில் பூஜை, வர முடியாது என்றவர், உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா?

“அதாலதான் என் வேலைக்கு வேட்டு வெக்கப் பாத்தாங்க. இனிமே மாட்ட மாட்டேன்,” என்றேன், போனை வாங்கி.

“அப்ப வூட்ட நான் எப்டி பாக்கறது?” என்றார்.

ஓரகத்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வந்து பாருங்க,” என்று சொல்லி, போனை அவளிடம் கொடுத்தேன்.