ஏழாம் எண்ணின் வரைபடம்

இங்கே குறிப்பிடும் நேரங்கள் எவையும் நினைவிலிருந்து எழுதப்பட்டவை அல்ல. கணினிப் பதிவேட்டைப் பார்த்தே எழுதுகிறேன். நம்பாதவர்களுடன் வாதாட எனக்குத் தெம்பில்லை.

எங்கள் நிறுவனம் நோயாளிகளின் வீடுகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் அனுப்புகிறது. எந்த ஓட்டுநர் எந்த வீட்டுக்குச் செல்ல வேண்டும் என்பதை எங்கள் இணையதளத்தில் உள்ள வரைபடம் காட்டும். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஓர் எண். ஆனால் எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். அது வெளியே கசிந்து, தனியாக வாழ்ந்த நோயாளி ஒருவரின் வீட்டில் திருட்டு நடந்தது. வரைபடத்தைப் பூட்டும் பொறுப்பு என்னிடம் வந்தது.

"வாசக்கதவக் கழட்டி வெச்சுட்டு ஜன்னலுக்குப் பூட்டு போட்டிருக்கோம்," என்றார் மேலாளர். "இன்னைக்கே முடிச்சிடுப்பா."

பிற்பகல் 3.05. பழைய அனுமதிகள் அனைத்தையும் ரத்து செய்தேன். இனி எவராலும் வரைபடத்தைத் திறக்க இயலாது.

3.09. ஒருவர் திறந்திருந்தார். ஏழாம் எண்.

மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"ஏழா? அவரு லாரி மோதிச் செத்து இருபத்து மூணு நாளாச்சே. எவனோ அவர் நம்பர்ல உள்ள வந்திருக்கான். துரத்து."

ஏழாம் எண்ணையே அழித்தேன்.

3.16. மீண்டும் வந்தது... எந்தக் கணினி என்று காட்ட வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது.

வரைபடத்தில் ஏழாம் எண்ணுக்குரிய புள்ளி நகர்ந்தது. வண்டி செல்லும் வேகம். சிக்னலில் நின்றது. பள்ளி வாசலில் மெதுவாகச் சென்றது. பிறகு ஒரு தையல்காரரின் வீட்டை நோக்கித் திரும்பியது. நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையாகிவிட்டவர். மகள் மட்டுமே துணை.

அடுத்த திருட்டு அங்கேதான் என்று முடிவு செய்தேன்.

3.31. எனக்குப் பின்னால், ஆளில்லாத அறையில்... டங்க்.

சிலிண்டரைத் தரையில் இறக்கும் ஓசை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

3.33. அந்த வீட்டையே வரைபடத்திலிருந்து நீக்கினேன்.

புள்ளி நின்றது.

பிறகு தெருமுனையை வட்டமிட்டது...

ஒரு முறை.

இரு முறை.

3.52. மறைந்தது.

4.20. தையல்காரரின் மகள் அழைத்தார். குரலில் அழுகை இல்லை.

"நம்ம டிரைவர் அண்ணன் தெருமுனையிலயே சுத்திச் சுத்தி வந்தாரு சார். கை காட்டினேன், கத்திக் கூப்பிட்டேன். வழி தெரியாதவரு மாதிரி திரும்பிட்டாரு. இங்க சிலிண்டர் தீந்துபோச்சு... அப்பா போயிட்டாரு."

மறுநாள் அந்த வீட்டுக்குச் சென்றேன். ஏழாம் எண் இறந்த பிறகு அவ்வீட்டை வேறு எந்த ஓட்டுநரிடமும் நாங்கள் ஒப்படைக்கவில்லை, மறந்துவிட்டிருந்தோம். ஆயினும் கட்டிலருகே மூன்று காலிச் சிலிண்டர்கள் நின்றன. மூன்றிலும் விநியோகச் சீட்டு. மூன்றிலும் ஏழாம் எண் ஓட்டுநரின் கையெழுத்து.

முதல் சீட்டின் தேதி, அவரை அடக்கம் செய்த மறுநாள்.