மழையும் முழங்கையும்

இங்கிலாந்தில் கீத்லி ஊரில் வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர் செட்ரிக் ஹார்க்னஸ். கொரோனா வந்த வசந்தத்தில், தினமும் எங்கள் முதியோர் இல்லத்து ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். உள்ளே அவருடைய மனைவி மேவிஸ். நான் அங்கே பராமரிப்பு வேலை பார்க்கிறவள். மேவிஸுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. வெளியாட்களுக்குக் கதவைச் சாத்திய பிறகு புருஷன் முகமும் மறந்துபோயிற்று. ஒரு தடவையாவது மனைவி தன் பெயரைச் சொல்லிவிட மாட்டாளா என்பதுதான் செட்ரிக்கின் ஏக்கம். போனைக் கொடுத்தால் மேவிஸ் மேசையில் கவிழ்த்து வைத்துவிடுவார். காது மந்தம் என்பதால் கண்ணாடிக்கு வெளியே கத்தினாலும் கேட்காது. யாரையும் உள்ளே விடக்கூடாதென்று சட்டம் போட்டவர்களை நான் திட்டாத நாளில்லை.

அன்று, ஊர்ப் பிள்ளைகள் வரைந்து அனுப்பிய வானவில்லை ஜன்னலில் ஒட்டியிருந்தோம். மேவிஸ் அதைத் தொட்டுக் காட்டினார்.

"இதுக்குப் பேரு என்ன கண்ணு? தொண்டை வரைக்கும் வருது, வெளிய வர மாட்டேங்குது!"

காது மந்தமானவர்களின் உரத்த குரல். வெளியே நின்றவருக்கும் கேட்டுவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் செட்ரிக் கையை உயர்த்தித் தடுத்தார். பிறகு இரண்டு விரலைக் காட்டினார். கிறிஸ்துமஸ் விருந்து முடிந்ததும் இங்கே வீட்டுக்கு வீடு ஆடுகிற விளையாட்டு அது. வாய் பேசாமல், சொல்லைத் துண்டு துண்டாக நடித்துக் காட்ட வேண்டும்.

"அட, ரெண்டு துண்டா!" மேவிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

செட்ரிக் விரல்களை மேலிருந்து கீழே உதறினார்.

"மழை! ரெயின்!"

அடுத்து, வில்லை நாணேற்றி இழுப்பதுபோல் இழுத்தார்.

"பிடில் வாசிக்கிறான். வாசிக்கவே தெரியலையே!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செட்ரிக் தலையை ஆட்டிவிட்டு, கையை மடக்கி முழங்கையைத் தட்டிக் காட்டினார். நமக்கு அது வானத்தின் வில். இவர்களுக்கு மழையின் வில். இவர்கள் மொழியில் வில்லுக்குப் பெயர் 'போ'; ஆதியில் வளைந்ததெல்லாம் 'போ'தான். மடங்குகிற முழங்கையின் பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது.

"ரெயின்... எல்போ..." மேவிஸின் உதடு அசைந்தது. "ரெயின்போ!"

எண்பது வயது மனிதர் பூச்செடிகளுக்கு நடுவில் நின்று குதித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? ஒற்றை விரலைக் காட்டினார். பிறகு தன் நெஞ்சில் கை வைத்தார்.

"ஒரே சொல்லு. உன்னைப் பத்தியா?"

மேவிஸ் கண்ணாடியருகே குனிந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். சொல்லுங்கம்மா, சொல்லிடுங்க என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"தெரிஞ்சுபோச்சு! ஜன்னல் தொடைக்கிறவன்!"

செட்ரிக் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஆமாம் என்று தலையசைத்தார். கைக்குட்டையை எடுத்து, மூலை முடுக்கு விடாமல் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

"நல்லாத்தான் தொடைக்கிறான். பாவம், குளிருல நிக்கிறான். ஒரு டீ குடுத்து அனுப்பு கண்ணு," என்றார் மேவிஸ்.

டீ கொடுக்கவும் எங்களுக்கு அனுமதி இல்லை.