மூன்று காட்சி பார்த்துப் படித்த ஒரு பெயர்

நேற்றோடு ஒரே படத்தை மூன்று முறை பார்த்துவிட்டேன்.

கதாநாயகிக்காக இல்லை. (அதில் கதாநாயகியே இல்லை.) படம் முடிந்த பிறகு வரும் நான்கு வரி எழுத்துக்காக.

அந்தக் காலத்துக் கதை. பெரிய எழுத்தாளர் ஒருவர் ஈசிசேரில் சாய்ந்து பாதிக் கதை சொல்வார், தூங்கிவிடுவார். தரையில் உட்கார்ந்திருக்கும் ஒல்லி ஆள் மீதியை எழுதி முடிப்பார். மாலையும் சால்வையும் தூங்கியவருக்கு.

அந்த ஒல்லி ஆளுக்குப் படம் முழுக்கப் பெயரே கிடையாது. எல்லோரும் "யோவ்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கூட வந்தவர் கரீம் பாய். ஆம்பூரில் ஒரே தோல் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். இப்போது முதியோர் கல்வி வகுப்பில் எட்டு மாதமாக ஒரே பெஞ்சு.

முதல் நாள் படம் முடிந்து திரை கறுப்பானது. வெள்ளை எழுத்தில் நான்கு வரி வந்தது.

"முனுசாமி, இதுலயாச்சும் அந்தாளு பேரு இருக்கும். படிப்பா" என்று பாய் என்னை உலுக்கினார்.

"இ... ந்... தக்... க... தை..."

எழுத்து போய்விட்டது.

வெளியே வரும்போது ஒரு கல்லூரிப் பெண், "தாத்தா, அவரு பேரு வந்து..." என்று ஆரம்பித்தாள்.

பாய் காதைப் பொத்திக்கொண்டார். "சொல்லாதம்மா. இத்தினி வருஷம் அடுத்தவங்க படிச்சிதான் கேட்டோம். இத நாங்களே பாத்துக்கறோம்."

மறுநாளும் போனோம். டிக்கெட் கிழிக்கிறவர் கேட்டார்: "இன்னா பெருசு, படம் அவ்ளோ நல்லாவா கீது?"

"இன்னும் படிச்சி முடிக்கலப்பா."

"கடைசி எழுத்த ரெண்டு நிமிஷம் நிறுத்தி வைக்க முடியுமா?" என்று பணிவாகக் கேட்டார் பாய்.

"இது இன்னா பேப்பரா பெருசு, கையில புடிச்சிக்கினு படிக்க?"

அன்று முதல் வரியை முழுதாகப் படித்தேன். "இந்தக் கதைகளை அந்தப் பெரியவருக்காக..." பெயர் அதில் இல்லை.

டீக்கடையில் பாய்தான் வழி கண்டுபிடித்தார். "ஈர மாட்டுத் தோல என்னிக்காவது ஒத்த ஆளா தூக்கிக்கீறமா? கழுத்துப் பக்கம் ஒருத்தன், வால் பக்கம் ஒருத்தன். மேல ரெண்டு வரி, கீழ ரெண்டு வரி. எது வேணும்?"

கழுத்துப் பக்கம் எனக்கு என்றேன். (முதல் வரிதான் ஏற்கெனவே தெரியுமே. அதை பாயிடம் சொல்லவில்லை.)

மூன்றாவது முறை, கண் பழகட்டும் என்று ஆரம்பத்திலிருந்தே நான் திரையின் மேல் பாதியை மட்டும் பார்த்தேன். பாய் கீழ் பாதியை. எனக்கு வெறும் தலைகளும் மின்விசிறியும். இடைவேளையில் பாய் சொன்னார்: "தூங்கறவரு செருப்பு புதுசு. எழுதறவருக்கு வாரு அறுந்து தெச்சிக்கீது. இது எப்டிப்பா நம்ம கண்ல படாம போச்சு?"

எழுத்து வந்தது. நான் இரண்டாவது வரிக்குப் போய்விட்டேன். "இருபது ஆண்டு... பெயரில்லாமல்..."

"பொன்னுரங்கம்" என்று பாய் சத்தமாகச் சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சின்ன வயதில் வலமிருந்து இடமாகப் போகும் அரபு எழுத்தில் ஓதப் படித்த பழக்கம். எந்த வரியாக இருந்தாலும் பாயின் கண் முதலில் வலது ஓரத்துக்குத்தான் போகும். டீச்சர் எட்டு மாதமாகத் திருத்திப் பார்க்கிறார். கடைசி வரியின் வலது ஓரத்தில்தான் அந்தப் பெயர் இருந்தது.

"மீதி இன்னா எழுதியிருந்துச்சி?"

"அது எதுக்கு? பேரு வந்துட்ச்சில்ல."

வழியெல்லாம் அந்தப் பெயரையே சொல்லிக்கொண்டு வந்தார்.

இன்று காலை வகுப்பில் டீச்சர் கேட்டார், "சினிமால எழுத்து படிக்கப் போனீங்களே, என்னாச்சு?"

நான் எழுந்து, "படிச்சிட்டேன் டீச்சர். பொன்னுரங்கம்" என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். டீச்சர் சாக்பீஸைக் கொடுத்தார். போர்டில் பெரிதாக எழுதினேன். மறுபடி கை தட்டினார்கள்.

பெஞ்சிலிருந்து மெதுவாக, "யோவ்" என்று ஒரு குரல்.

"யாரைக் கூப்பிடுறீங்க பாய்?" என்றார் டீச்சர்.

"யாரையும் இல்ல டீச்சர். என்னியத்தான் கூப்ட்டுக்கினேன்."

வகுப்பு முடிந்ததும் டீக்குக்கூட நிற்காமல் போய்விட்டார். முப்பது வருடத்தில் இப்படிப் போனதில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை.

எழுதக் கற்றதிலிருந்து போனில் நான் போடும் நாலைந்து வரிப் பதிவுகளை அவர் தவறாமல் எழுத்துக்கூட்டிப் படிப்பார். அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி இதை எழுதுகிறேன். நாளை வகுப்பில் டீச்சரிடமும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

பதிவு நீண்டுவிட்டது. மேலிருந்து படித்தால் பாய்க்கு இரண்டு நாள் ஆகும், அதுவரை டீ தனியாகக் குடிக்க என்னால் முடியாது. ஆகவே சொல்ல வேண்டியதைக் கடைசி வரியில், அவர் கண் முதலில் போகும் ஓரத்திலேயே வைத்துவிடுகிறேன்.

அந்தப் பெயரைப் படித்தவர் கரீம் பாய்