மச்சானுக்காகப் போட்ட பீர்

என் மனைவியின் தம்பி பட்டாளத்தில் சேர்வதற்கு முன்பு, கடலூரில் எங்கள் வீட்டில் நானும் அவனும் ஒருமுறை பீர் காய்ச்சிப் பார்த்தோம். துறைமுக ஆபீஸில் யாரோ துரை மிச்சம் வைத்த பாட்டிலிலிருந்து இரண்டு மடக்கு குடித்திருந்தான். அந்த ருசியை வீட்டிலேயே கொண்டுவந்துவிடலாம் என்று அவனுக்கு நம்பிக்கை. பார்லியை முளைகட்டி, காயவைத்து, இடித்து, கொதிக்கவைத்தோம். ஆறியதும் ரொட்டிக் கடையில் கேட்டு வாங்கிய ஈஸ்ட்டைக் கலந்து பெரிய ஜாடியில் ஊற்றினோம். சித்திரை மாதம். மறுநாளே பொங்கி வழிந்தது. வாயில் வைத்தால் அழுகின பழம். என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

உலக யுத்தம் முடிந்த பிறகு, வடக்கே ஒரு முகாமிலிருந்து கடிதம் எழுதினான்.

"மாமா, நம்ப பீரு கெட்டது பார்லியால இல்ல, சூட்டால. எழுபத்தஞ்சு டிகிரிக்கு மேல போவவே கூடாதாம். இங்க ஒரு சார்ஜெண்ட் சொன்னாரு. மாசியில வந்துடுவேன். போட்டு வையுங்க."

கூடவே பஞ்சில் சுற்றிய பாரன்ஹீட் தெர்மாமீட்டரும், கசப்புக்கென்று ஒரு பொட்டலம் காய்ந்த பூவும் பார்சலில் வந்தன.

குடியென்றாலே முகம் சுளிப்பவள் என் மனைவி. இந்தமுறை அவளே முன்வந்து எல்லாம் செய்தாள். சமையலறையில் தண்ணீர்த் தொட்டிக்குள் ஜாடியை நிறுத்தி, ஈரச் சாக்கைப் போர்த்தினாள். ஜன்னலைத் திறந்துவைத்தால் காற்று பட்டு ஜாடி குளிரும். சாக்கு காய்ந்தால் பாதரசம் ஏறிவிடும். அதனால் அடிக்கடி நனைத்தாள். "ஏங்க, எழுபத்திமூணு!" என்று உள்ளிருந்து கத்துவாள். ஜாடிக்குள் சன்னமாகக் குமிழி வெடிக்கும் சத்தம். ரொட்டி வேகிற மாதிரி வாசனை.

மூன்றாம் நாள் மத்தியானம் தந்தி வந்தது. ரயிலைப் பிடிக்க அவன் ஏறி வந்த லாரி கவிழ்ந்து இறந்துவிட்டான். அக்காவின் விலாசத்தைத்தான் கொடுத்திருந்தான். நான் படித்துச் சொன்னேன். அவள் தந்தியை வாங்கி, தனக்குப் புரியாத இங்கிலீஷ் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய்ச் சாக்கில் தண்ணீர் ஊற்றினாள்.

"விட்டுடும்மா."

"சூடு ஏறிடுங்க."

சாயங்கால ரயிலில் சிதம்பரம் போனோம். கீழவீதி வீட்டில் மாமனார் எங்களைக் கண்டதும், "பையன் வந்துட்டானா? பின்னால வர்றானா?" என்று தெருவை எட்டிப் பார்த்தார். அவள்தான் சொன்னாள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவள் அழவில்லை. வந்தவர்களுக்குப் பரிமாறினாள், அப்பாவுக்குக் கஞ்சி புகட்டினாள். கல்நெஞ்சுக்காரி என்று உறவுக்காரப் பெண்கள் முணுமுணுத்தது என் காதிலும் விழுந்தது.

கடலூர் திரும்பிப் பூட்டைத் திறந்தால் வீடு முழுக்கப் புளித்த நெடி. தொட்டியில் தண்ணீர் வற்றி, சாக்கு மொடமொடவென்று கிடந்தது. அவள் ஜாடிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். வெறும் காடி.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை.

"நல்லாத்தான வந்துச்சு. இன்னும் நாலு நாள் பாத்திருந்தா போதும். நாம போயிருக்கக் கூடாதுங்க. போயிருக்கவே கூடாது."

பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தேன்.