ஃபிக்ஸீரன் என்றால் கட்டுதல்

நான் வேலை செய்யும் ஜெர்மன் முதியோர் இல்லத்தில் ஒருவரைக் கதிரையோடு கட்டுவதென்றால் நீதிபதியின் அனுமதி வேண்டும். அதற்கு அவர்கள் சொல்லும் சொல் ஃபிக்ஸீரன். இலத்தீனிலிருந்து வந்தது, ஆணி அடித்தாற்போல் அசையாமல் நிறுத்துவது என்று பயிற்சி வகுப்பில் விளக்கினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் மாட்டுக்கும் வள்ளத்துக்கும் 'கட்டு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். இவர்களுக்கு மனிதரைக் கட்ட மருந்து வாடையோடு ஒரு சொல். "உங்கள் நாட்டில் இதெல்லாம் இருக்காது, குடும்பமே பார்த்துக்கொள்ளும், என்ன?" என்று கூட வேலை செய்யும் மோனிகா கேட்டாள். பெருமையாக "யா" என்று தலையாட்டினேன்.

இந்த விடுமுறைக்குத் திருகோணமலை போனேன். லிங்கநகர் வீட்டில் அப்பா கதிரையில் இருந்தார். எழும்பி வருவார் என்று நின்றேன். வரவில்லை. அக்காவின் பழைய சேலைத்துண்டு ஒன்று அவர் இடுப்பைக் கதிரையோடு சேர்த்துச் சுற்றியிருந்தது. முடிச்சு முதுகுப் பக்கம்.

அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர். வரும் கப்பல்களின் வடத்தைப் பிடித்துக் கரையில் இரும்புக் கட்டையில் மாட்டுவதும், புறப்படும் நேரம் கழற்றிவிடுவதும் அவர் வேலை. இப்போது நினைவிலிருந்து பிள்ளைகளின் பெயர்கள் போய்விட்டன, வேலை மட்டும் மிஞ்சியிருக்கிறது. வாசற் படலை திறந்திருந்தால் கரைக்குப் போய், நிற்கிற வள்ளங்களையெல்லாம் அவிழ்த்துவிடுகிறாராம். மீனவர்கள் முதலில் சிரித்தார்கள்; பிறகு வாசலில் வந்து சத்தம் போட்டார்கள்.

"அக்கா, அங்க இதுக்கு நீதவானைக் கேக்கோணும்," என்றேன்.

"அப்ப அவரை இஞ்ச வரச் சொல்லு. நான் கடைக்குப் போற நேரம் அப்பாவோட வந்து இருக்கட்டும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவிழ்த்துவிட்டேன். ஊரில் நிற்கும்வரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வீரம் பேசினேன். பார்த்துக்கொண்டும் இருந்தேன், ஒரு பின்னேரம் மனைவியோடு போனில் கதைக்கும்வரை. திரும்பினால் கதிரை வெறுமை. அக்காவும் நானும் கரைக்கு ஓடினோம். அப்பா நெஞ்சளவு தண்ணீரில், அவிழ்த்த வள்ளத்தின் கயிற்றைப் பிடித்தபடி அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தார். அக்கா உடுத்த உடுப்போடு இறங்கி இழுத்து வந்தாள். ஈரம் துடைத்து, சேலைத்துண்டைத் திரும்பவும் அவர் இடுப்பில் முடிந்தாள்.

நான் ஜெர்மனிக்கு வெளிக்கிடும் நாள், அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். எனக்குக் குளித்துப் பெட்டி அடுக்க வேண்டும். வீட்டில் வேறு யாருமில்லை. சேலைத்துண்டை நானே எடுத்தேன். பின்பக்கம் முடிய மனம் வரவில்லை. முன்னாலேயே ஒரு முடிச்சுப் போட்டேன். அப்பா குனிந்து பார்த்தார்.

"தம்பி வேலைக்குப் புதுசோ? இது நிக்காது."

அவரே அதை அவிழ்த்தார். அவரே தன்னைத் திரும்பவும் கட்டினார். இறுக்கி, ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.

"இனிப் பயமில்லை. எந்தக் காத்துக்கும் அசையாது. நீங்கள் போங்கோ."

நான் குசினிக்குள் போய், அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பெற்ற தகப்பன், தன்னைக் கட்டிப்போட்ட மகனை யாரென்று தெரியாமலே வழியனுப்பி வைத்தார்.

திரும்பி வந்ததும் மோனிகா அப்பாவைப் பற்றிக் கேட்டாள். வீட்டில்தான் இருக்கிறார் என்றேன். "எவ்வளவு நல்லது," என்றாள்.

இங்கே இல்லத்தில் கிளவுஸ் என்றொரு முதியவர், பின்னேரமானால் வீட்டுக்குப் போகவேண்டும் என்று கதவைப் பிடித்து இழுப்பார். அவரைக் கட்டக்கூடாது, கூட நடக்க வேண்டும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடக்கிறேன். எனக்குச் சம்பளம் அதற்குத்தான். அதில் ஒரு பங்கு அக்காவுக்குப் போகிறது. சேலை அப்பாவின் தோலை உரசுகிறதென்று, இம்முறை அந்தக் காசில் அகலமான மெத்தென்ற இடுப்புப் பட்டி ஒன்று வாங்கினாளாம்.