மிதிச்சு மிதிச்சுக் கழட்டின சாண்டிங் பாட்

இண்டைக்குக் காலமை எங்கடை வீட்டிலை புது லேத் பூட்டினம்!

(மரம் கடையிற மெசின். மோட்டர் வைச்சது. சுவிட்சைத் தட்டினால் சுத்தும். ஆரும் மிதிக்கத் தேவையில்லை. இதை நான் பெருமூச்சோடை எழுதுறன்.)

என்ரை மனிசன், மரம் தேய்க்கிற சாண்டிங் பாட்டை அதின்ரை புரியிலை திருகி இறுக்கினார். பிறகு போய் நிண்டார் பாருங்கோ, மெசினுக்கு அங்காலைப் பக்கம்.

பிழையான பக்கம்!

ஏன் அப்பிடி நிண்டவர் எண்டு எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கும் சொல்லுறன்.

தொண்ணூறிலை யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நிண்டு போச்சு. புத்தூரிலை எங்கடை கொட்டிலுக்குள்ளை இருந்த லேத்தும் நிண்டு போச்சு.

மனிசன் என்ரை லேடீஸ் சைக்கிளை ஸ்டாண்டிலை நிப்பாட்டி, பின்சில்லு ரயரைக் கழட்டி, பழைய ரியூப்பை வெட்டித் தைச்சு பெல்ட்டாக்கி லேத்திலை கொழுவினார்.

மிதிக்கிறது நான். (என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை.)

அவர் வழக்கமா நிக்கிற பக்கம் சுவர். சைக்கிள் வைக்க இடமில்லை. அதாலை மற்றப் பக்கம் வைச்சம். லேத் சுத்திச்சுது. அவரும் சைக்கிள் இருந்த பக்கம் வந்து நிண்டு கடைஞ்சார். கட்டில் கால், கதிரைக் கால் எல்லாம் வடிவா வந்தது. இந்தப் பக்கம் காத்தும் வருது எண்டு சந்தோசப்பட்டார்.

இப்பிடியே ரண்டு வருசம் போச்சு.

எங்கடை ஒழுங்கைக் கடைசி வீட்டுப் பிள்ளை மாலினி. ஷெல் விழுந்து ஒரு கால் போயிட்டுது. பல்கலைக்கழகம் போக எழுதிற ஏ எல் சோதனை எடுக்க இருந்தவள்.

அவளின்ரை ஊன்றுகோலின்ரை மேல்கட்டை, கமக்கட்டுக்குள்ளை, அதுதான் அக்குளுக்குள்ளை, வாற துண்டு, சொரசொரப்பு. தோல் உரிஞ்சு ரத்தம் வரும். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையிலை அது கறையாப் படும். அதோடை ஒருத்தருக்கு முன்னாலையும் போக மாட்டன், சோதனையும் வேண்டாம், சட்டையை ஆருக்கும் குடுங்கோ எண்டு தாயிட்டைச் சொல்லிப்போட்டாள்.

தாய் வந்து எங்கடை படலையிலை நிண்டு அழுதா. எனக்கும் அழுகைதான் வந்தது.

மனிசன் பூவரசிலை புதுசா ரண்டு மேல்கட்டை செதுக்கினார். வளைஞ்ச துண்டு, லேத்திலை பூட்டிக் கடைய ஏலாது. கையாலை தேய்ப்பம் எண்டால் சாண்ட் பேப்பர் கடையளிலை இல்லை.

நல்ல காலத்துக்கு அவரின்ரை தம்பி லண்டனிலை இருந்து அனுப்பின சாண்டிங் பாட் அந்தக் கிழமைதான் ஆக்களின்ரை கை மாறி மாறி வந்து சேர்ந்தது. ரப்பர் வட்டம், பின்னாலை புரி, முன்னாலை ஒட்டக் கொஞ்சம் தாள். (இது என்ன சாமான் எண்டு விளங்காததாலைதான் சோதனைச் சாவடியிலை விட்டவங்கள் எண்டு நினைக்கிறன்.)

லேத்தின்ரை மூக்கிலை, அதுதான் சுத்துற முனையிலை, திருகினால் அச்சொட்டாப் பொருந்திச்சுது. பாட் சுத்தும், கட்டையை அதிலை பிடிச்சுத் தேய்க்க வேண்டியதுதான்.

நான் மிதிச்சன். அவர் கட்டையை வைச்சார்.

பாட் கழண்டு பறந்து போய் மண்ணெண்ணெய்த் தகரத்திலை அடிச்சுது!

இறுக்கினது காணாதாக்கும் எண்டு ஸ்பானர் போட்டு இறுக்கினார். திரும்பவும் பறந்தது. ஒரு தாளும் கிழிஞ்சுது.

பிறகு குற்றம் தம்பியாருக்கு. லண்டனிலை இருந்துகொண்டு மலிவுச் சாமான் வாங்கி அனுப்பியிருக்கிறானாம்.

அடுத்த குற்றம் ஆருக்கு எண்டு உங்களுக்கே தெரியும்.

"நீர் விட்டு விட்டு மிதிக்கிறீர். ஒரே சீரா மிதிச்சால் அது ஏன் கழருது?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இறங்கிப்போட்டன்.

"அப்ப நீங்கள் ஏறி மிதியுங்கோ. நான் பிடிக்கிறன்."

சைக்கிளிலை இருந்தால் முகம் வேலிப் பக்கம், முதுகு லேத்துப் பக்கம். இவ்வளவு நாளும் அது சுத்துறதை நான் நேரை நிண்டு பார்த்ததே இல்லை.

அண்டைக்குத்தான் பார்த்தன். கட்டை தொட்ட உடனை பாட் மெல்ல மெல்ல வெளியிலை வருது, போத்தல் மூடி திறக்கிற மாதிரி.

"இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ. இது தானாக் கழரேல்லை. நாங்கள்தான் மிதிச்சு மிதிச்சுக் கழட்டுறம்."

அவர் இறங்கி வந்தார். சில்லைக் கையாலை மெல்லச் சுத்திப் பார்த்தார்.

"இது மறுவளமா எல்லோ சுத்துது."

"எப்ப துவக்கம்?"

"நீர் சைக்கிள் ஏறின நாள் துவக்கம்."

சைக்கிளை மற்றப் பக்கம் வைச்ச அண்டைக்கே லேத் மாறிச் சுத்த வெளிக்கிட்டுட்டுது. கட்டில் கால் ரண்டு முனைக்கு நடுவிலை நிக்கிறது, எந்தப் பக்கம் சுத்தினாலும் அதுக்குக் கவலையில்லை. புரி அப்பிடியோ? மாறிச் சுத்தினால் கழண்டு வரும். தலைகீழாச் சுத்துறதுக்கு ஏத்த மாதிரி நாங்கள் இடம் மாறி நிண்டு பழகி, அது தலைகீழ் எண்டதையே மறந்து போனம்.

பெல்ட்டை எட்டுப் போலை ஒரு முறுக்கு முறுக்கிக் கொழுவினம். லேத் திரும்பச் சரியான வளத்துக்குச் சுத்திச்சுது. அவர் பழைய சுவர்ப் பக்கம் போனார். (போற வழியிலை முழங்காலை அடிச்சுக்கொண்டார். நான் சிரிக்கேல்லை. சரி, சிரிச்சனான்.)

பாட் அசையேல்லை. பொழுதுபட முதல் ரண்டு கட்டையும் கன்னம் மாதிரி வழுவழுப்பு.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் குடுத்தம். மாலினி குசினியிலை இருந்து கிணத்தடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். தாயைப் பார்த்து, "அம்மா, வெள்ளைச் சட்டையைத் தோயுங்கோ" எண்டாள்.

திங்கள் பின்னேரம் தகப்பனின்ரை சைக்கிள் கரியரிலை எங்கடை படலையைத் தாண்டிப் போகேக்கை, ஒரு கையை நல்லா உயத்தினாள். டாட்டா காட்டுறாள் எண்டு நினைச்சு நாங்களும் கையைக் காட்டினம்.

டாட்டா இல்லை. கமக்கட்டைக் காட்டினவள். சட்டை அதிலையும் வெள்ளையா இருந்தது.

அந்த ரண்டு வருசப் பழக்கம் மனிசனை இன்னும் விடேல்லை. இண்டைக்கு அவரைக் கையிலை பிடிச்சு இஞ்சாலைப் பக்கம் கூட்டிக்கொண்டு வந்து விட்டிட்டன். பாட் கழரேல்லை.

உங்கடை வீட்டிலையும் பழைய பக்கத்திலையே போய் நிக்கிற ஆக்கள் இருக்கினமோ?