நூற்றுப் பதினேழு வீடு இடித்தவள்

கடலூரில் வீடு கட்டுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். இடிக்கத் தெரிந்தவர் என்றால் ஒரே ஒரு ஆள்தான். முதுநகரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ஆரோக்கியம்மாள் என்றுதான் சொல்வார்கள். அவளைக் கேட்டால் அவளும் அதைத்தான் சொல்வாள். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வாள்.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான். பன்னிரண்டு வயதில் செங்கல் சுமக்கப் போனவளுக்கு இன்றைக்கு அறுபத்தேழு வயது. கூட வேலைக்குப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். இடித்த வீட்டுச் சாமான் விற்க முதுநகரில் ஒரு கொட்டகையும் போட்டிருக்கிறாள். புதுச்சேரி ஓட்டல்காரர்கள் கார் போட்டுக்கொண்டு வந்து அங்கே தேக்குத் தூணைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவள் கை பட்டு இறங்கிய வீடுகள் நூற்றுப் பதினேழு. ஓர் ஆளுக்கு விரல்கூட நசுங்கியதில்லை.

நசுங்காததற்குக் காரணம் உண்டு. அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு பழைய குடோனை இடித்தார்கள். "மரமெல்லாம் கல்லாட்டம் இருக்கு, ஏறுங்க" என்றார் காண்டிராக்டர். ஏறினார்கள். சுவருக்குள் உத்திரத்தின் தலை இற்றுப்போயிருந்தது யாருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்று கூடை தூக்கிக்கொண்டிருந்த சௌந்தரம் கூரையோடு கீழே போனாள். கூடை மட்டும் மேலேயே நின்றது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். எந்த வீடானாலும் ஆரோக்கியம்மாள் முதலில் ஏணியோடு உள்ளே தனியாகப் போவாள். உத்திரம் சுவரில் உட்காரும் இடத்தில் கையளவு காரையைப் பெயர்த்து, உளியால் குத்திப் பார்ப்பாள். மரம் நடுவில் இற்றுப்போவது அபூர்வம். ஈரம் இறங்குவதும் கரையான் ஏறுவதும் சுவருக்குள் இருக்கிற தலையில்தான். ஒவ்வொரு தலையையும் குத்திப் பார்க்காமல் மொட்டைமாடியில் ஓர் ஆளை ஏற விடமாட்டாள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

போன வருஷம் சிதம்பரத்திலிருந்து ஒரு வேலை வந்தது. ஸ்டேஷனிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் ஒரு பெரிய வீடு. பல்கலைக்கழகம் வந்த புதிதில் வெளியூர்ப் பையன்கள் தங்கிப் படிப்பதற்கென்று கட்டியது. நடுவில் முற்றம், அதையொட்டி ஒரு கூடம், சுற்றிப் பன்னிரண்டு அறைகள். மர உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. சொந்தக்காரர் சுப்பிரமணியன் சென்னையில் இருந்தார். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட வேண்டும் என்பது அவர் திட்டம்.

நடுவில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரி வந்து சேர்ந்தது. ஸ்ரீமதி என்ற பேராசிரியை மாணவர்களோடு ஒரு மாதம் தங்கி, ஜன்னல் கம்பி வரைக்கும் அளந்து படம் போட்டாள். இது பாரம்பரியக் கட்டடம், இடிக்கக் கூடாது என்று நகராட்சிக்கு மனுவும் கொடுத்தாள். சுப்பிரமணியன் சும்மா இருப்பாரா? கதிரவன் என்ற எஞ்சினியரிடம் ஒரு கடிதம் வாங்கினார். கூரை மரம் முழுக்க இற்றுப்போயிற்று, மேலே இரண்டு பேர் நின்றாலே விழும் என்று கடிதம் சொன்னது. நகராட்சி அதிகாரி புதன்கிழமை நேரில் வந்து பார்ப்பதாக முடிவாயிற்று.

அதற்கு முந்தின வாரமே ஆரோக்கியம்மாள் தன் ஏணியோடு உள்ளே போய்விட்டாள். எட்டு உத்திரம், பதினாறு தலை. பதினைந்தில் உளி மணி அடித்தது போலத் திரும்பி வந்தது. பின்கட்டில் ஒன்றுதான் பொசபொசவென்று உள்ளே போனது. வெளியே வந்து சுப்பிரமணியனுக்குப் போன் போட்டாள்.

"சார், மரம் நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் போச்சு."

"அத யார்கிட்டயும் சொல்லாதம்மா. புதன்கிழமை அதிகாரி வருவாரு. எல்லாம் இத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சொன்னா ஊரே நம்பும்."

"உங்க வூடு, இடிக்க உத்தரவு வாங்கிக் குடுங்க, நாளைக்கே இடிக்கிறேன். இத்துப்போச்சுன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க."

"சொல்லலன்னா இந்த வேலை உனக்கு இல்ல. இந்தப் பக்கம் இனிமே எந்த வேலையும் இல்ல."

பக்கத்தில் நின்ற மேஸ்திரி பழனிவேலுக்கு முகம் வாடிவிட்டது. பன்னிரண்டு பேருக்கு இரண்டு மாத வேலை. "அக்கா, ஒரு வார்த்தைதானே?" என்றான்.

"சௌந்தரம் போனதும் ஒரு வார்த்தையிலதான்டா. நல்லா இருக்குன்னு ஒருத்தன் பாக்காம சொன்னான். நான் பாத்துட்டு மாத்திச் சொல்லணுமா?"

புதன்கிழமை காலை முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். ஸ்ரீமதி மாணவர்கள் வரைந்த படங்களை மேஜை மேல் விரித்தாள். ரொம்ப அழகான படங்கள். கதிரவன் அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சுவத்துக்குள்ள இருக்கிற மரம் நல்லா இருக்குன்னு உங்ககிட்ட என்ன ஆதாரம் மேடம்?" என்று கேட்டான்.

"பழைய கட்டடத்த நாங்க பேத்துப் பாக்கிறதில்ல."

"அப்ப தெரியாது. அவ்வளவுதானே?"

போனில் மிரட்டியது போதும் என்ற தைரியத்தில் சுப்பிரமணியன் சிரித்துக்கொண்டே அதிகாரி பக்கம் திரும்பினார். "இடிக்கிற வேலையில நாப்பது அம்பது வருஷ அனுபவம், சார். இவங்களையே கேளுங்க."

ஆரோக்கியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "பதினஞ்சு நல்லா இருக்கு, ஒண்ணு போச்சு. குத்தின ஓட்டையெல்லாம் அப்படியே வுட்டு வெச்சிருக்கேன், பாத்துக்கங்க சார்."

சுப்பிரமணியனின் சிரிப்பு அப்படியே நின்றது. கதிரவன்தான் சமாளித்தான்: "மூணாங்கிளாஸ் படிச்சவங்க சொல்றத எப்படி சார் பைல்ல எழுதுவீங்க?"

எழுத முடியாதாமே! ஆரோக்கியம்மாள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பழனி! எல்லாரும் சோத்துத் தூக்குச்சட்டிய எடுத்துகினு மேல வாங்க. பின்கட்டுல சாக்பீஸ் கோடு போட்டிருக்கேன், அதத் தாண்டாதீங்க. சாப்பாடு மாடியிலதான்."

மணி பதினொன்றுகூட ஆகவில்லை. பதின்மூன்று பேரும் மாடியேறி, கூடத்துக்கு நேர்மேலே வட்டமாக உட்கார்ந்து தூக்கைத் திறந்தார்கள். மீன்குழம்பு வாசனை முற்றத்துக்கு இறங்கியது. ஆரோக்கியம்மாள் கைப்பிடிச் சுவரோரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

"எஞ்சினியர் சார்! ரெண்டு பேருக்கே வுழும்னு எழுதியிருக்கீங்க. இங்க பதிமூணு பேரு, அதுல பழனி ஒருத்தனே ரெண்டு பேரு. அந்தக் கூடத்துக்குள்ள போய் செத்த நேரம் நில்லுங்களேன். வுழாதுன்னு தெரிஞ்சா நிப்பீங்க. வுழும்னா ஓடுவீங்க. எது நெசம்?"

மாணவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். கதிரவன் முற்றத்தை விட்டு ஓரடி நகரவில்லை. அதிகாரிதான் ஒரு மாணவனிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டு கூடத்துக்குள் நடந்தார். தலைக்கு மேலே பதின்மூன்று பேர் சோறு தின்றுகொண்டிருக்க, ஒவ்வொரு ஓட்டையாக வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் அவர் தோளில் விழுந்தது. அதைத் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

"இந்தக் கடிதத்த வெச்சு இடிக்க உத்தரவு குடுக்க முடியாது. வேற எஞ்சினியர வெச்சு முழுசா சோதிக்கணும்" என்றார்.

ஆரோக்கியம்மாள் இறங்கி வரும்போது சுப்பிரமணியன் படிக்கட்டின் கீழே நின்றார். "இனிமே எவன் உனக்கு வேலை குடுக்கிறான்னு பாக்குறேன்."

"நல்லா பாருங்க சார். உத்தரவு வந்து, இடிக்கணும்னா எனக்குத்தான் போன் பண்ணுவீங்க. வேற எவன இந்தக் கூரை மேல ஏத்தினாலும் உங்களுக்குத் தூக்கம் வராது."

ஸ்ரீமதி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இந்தக் கட்டடத்த நீங்கதான் காப்பாத்தினீங்க."

"நான் எங்க காப்பாத்தினேன்? உத்தரவோட வரட்டும், மொதக் கடப்பாரை என்னுதுதான். நான் சொன்னது மரம் நல்லா இருக்குன்னு, அவ்வளவுதான்." கையை விடுவித்துக்கொண்டு மேஜை மேலிருந்த படத்தைத் தட்டினாள். "ஒரு மாசம் அளந்தீங்களே டீச்சரம்மா, ஒரு எடத்துல ஒரு உளி வெச்சுப் பாக்கக் கூடாதா? நோவும்னு பயந்தா வைத்தியம் பாக்க முடியுமா?"

"பாத்திருக்கணும்" என்று ஸ்ரீமதி ஒத்துக்கொண்டாள். அது ஆரோக்கியம்மாளுக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் ஸ்ரீமதி நகராட்சிக்குக் கொடுக்கும் அறிக்கையில் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சம்மதித்தாள். படிவத்தில் 'கல்வித் தகுதி' என்ற இடம் வந்ததும் ஸ்ரீமதியின் பேனா தயங்கியது.

"இங்க அனுபவம்னு எழுதிடட்டுமா?"

"எதுக்கு? மூணாங்கிளாஸுன்னே எழுது. அதுக்குக் கீழ நூத்திப் பதினேழு வூடுன்னு எழுது. ரெண்டையும் பெரிசா எழுது."

அப்படியே எழுதினாள். ஆரோக்கியம்மாள் தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டாள்.

கடலூர் பஸ் புவனகிரி தாண்டியதும் பழனிவேல், "நாளைக்கு என்னக்கா பண்றது?" என்றான்.

"பரங்கிப்பேட்டையில ஒரு பழைய குடோன் இருக்குன்னு போன வாரம் ஒரு பாய் கேட்டாரு. காலையில போய்ப் பாப்போம்." ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "ஏணிய மறந்துடாத."